ஜெப நோட்டில் என் பெயர்

அன்புள்ள ஜோயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். கடிதம் என்றால் "கிறிஸ்துவுக்குள் அன்பான" என்று தொடங்கி, அடுத்த வரியிலேயே "இங்கு யாவரும் சுகம்" என்று போடுவதுதான் எனக்குத் தெரிந்த முறை. நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது உனக்கு எழுதிய அத்தனை கடிதத்திலும் அந்த வரி இருந்தது. அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்திருந்த வாரத்திலும்கூட அப்படித்தான் எழுதினேன். இன்று அந்த வரியை எழுத முடியவில்லை. அதனால்தான் போனில் பேசாமல் இப்படி உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் நீ "ஹலோ" என்றதும், "நான் நல்லாத்தான்டா இருக்கேன், நீ சாப்பிட்டியா" என்று சொல்லிவிடுவேன். என் வாய் அப்படிப் பழகிப்போயிருக்கிறது.

இன்று காலை ஆராதனையில் உன் கல்யாண ஓலை முதல் தடவையாக வாசிக்கப்பட்டது. உன் பெயரையும் ஷீபாவின் பெயரையும் படித்துவிட்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் வழக்கம்போலக் கேட்டார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கை மட்டும் புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டே இருந்தது. உன் அப்பா அதைப் பார்த்துவிட்டுத் தன் பாட்டுப் புத்தகத்தை எடுத்து என் கையின்மேல் வைத்தார். பிறகு அதன் அட்டையைக் கசக்கினேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு மாதவிடாய் நின்று ஏழு வருஷம் ஆகிறது. உன் நிச்சயதார்த்தம் முடிந்த மறுவாரம் மறுபடியும் ரத்தம் பட ஆரம்பித்தது. டாக்டரிடம் போயாயிற்று. கர்ப்பப்பையின் உள்சவ்வு இருக்கவேண்டியதைவிடத் தடித்திருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தது. போன புதன்கிழமை உள்ளிருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு முடிவு சொல்வார்கள். ஒன்றுமில்லாமல் போகலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம், இப்போதைக்கு எதுவும் சொல்லமுடியாது என்று டாக்டர் சொன்னார். எனக்குப் பயமாக இருக்கிறது ஜோயல். காலையில் எழுந்ததும் பயம், குளியலறைக் கதவைத் திறக்கப் பயம், சாதம் வடிக்கும்போது திடீரென்று ஒரு பயம்.

அம்மா மகனிடம் சொல்கிற விஷயமா இது என்று நீ நெளிவாய். நானும் நெளிந்துகொண்டுதான் எழுதுகிறேன். "மாதவிடாய்" என்று எழுதுவதற்குள் பேனாவை இரண்டு தடவை மூடிவைத்துவிட்டேன். ஆனால் இன்னும் மூன்றரை வாரத்தில் நீ ஒரு பெண்ணோடு குடித்தனம் நடத்தப் போகிறாய். உனக்கு இதையெல்லாம் சொல்லித்தரவேண்டிய நான் இருபத்தொன்பது வருஷமாக எதையுமே சொல்லித்தரவில்லை. அது மட்டுமில்லை, உன்னிடம் ஒரு பொய்யும் சொல்லியிருக்கிறேன். ரூபி ஆன்ட்டி விஷயத்தில்.

ரூபி அக்காவை உனக்கு நினைவிருக்கும். பட்டினப்பாக்கத்தில் ஒரு மாடி அறையில் தையல் மெஷினோடு தனியாக இருந்தார். பாடகர் குழுவில் நீ போட்டிருந்த வெள்ளை அங்கியைத் தைத்தவர் அவர்தான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நீ ஒரு சாண் வளர்ந்துவிடுகிறாய் என்று மடிப்பைப் பிரித்துப் பிரித்து இறக்கிக் கொடுப்பார். நீ ப்ளஸ் டூ படித்த வருஷம் அவர் இறந்துபோனார். அடக்க ஆராதனை முடிந்து பஸ்ஸில் வரும்போது, "ரூபி ஆன்ட்டிக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாய். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "சரீர பலவீனம்" என்றேன். அதற்குமேல் நீ கேட்கவில்லை. கேட்கக்கூடாத விஷயம் என்பது மட்டும் உனக்குப் புரிந்திருக்கும். நம் வீட்டில் அதைத்தான் உனக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்தேன்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? என் நோட்டிலிருந்து. பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்தவள், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சொல்லி, பெண்கள் ஐக்கியத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். அன்றிலிருந்து ஜெப விண்ணப்ப நோட்டு என் கையில்தான். நாலு கட்டம்: தேதி, பெயர், விண்ணப்பம், ஸ்தோத்திரம். ஜெபம் கேட்கப்பட்டுவிட்டால் கடைசிக் கட்டத்தில் சிவப்பு மையில் ஸ்தோத்திரம் என்று எழுதுவேன். அந்தப் பட்டியல் ஞாயிற்றுக்கிழமை பீடத்துக்குப் போகும், ஆண்கள் படிப்பார்கள், சபை முழுவதும் கேட்கும். அதனால் பெண்கள் என்னிடம் வந்து காதோடு காதாகச் சொல்வதை நான் அப்படியே எழுதுவதில்லை. கர்ப்பப்பை இறங்கிவிட்டது என்பார் ஒருவர், மார்பில் கட்டி என்பார் ஒருவர், மூன்றாவது தடவையும் கரு தங்கவில்லை என்று அழுவாள் ஒரு சின்னப்பெண். எல்லாருக்கும் நான் எழுதுவது ஒரே வார்த்தை, சரீர பலவீனம். ஆண்களுக்கு மட்டும் மாரடைப்பு, கிட்னியில் கல், குடலிறக்கம் என்று எல்லாம் வக்கணையாக எழுதியிருக்கிறேன். அந்த நோட்டை மட்டும் படித்தால், நம் சபையில் வியாதி என்று இருந்ததெல்லாம் ஆண்களுக்குத்தான், பெண்கள் ஏதோ காற்றடித்தால் விழுகிறவர்கள் என்று தோன்றும்.

ரூபி அக்கா ஒரு சனிக்கிழமை கூட்டம் முடிந்து, செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என்னை ஓரமாக இழுத்துப் போனார். "தங்கச்சி, நின்னு மூணு வருஷமானது மறுபடி வருது. இன்னான்னே தெர்ல. பயமா கீதுமே" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெபிப்போம்க்கா" என்றேன். டாக்டரிடம் போங்கள் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நானும் பல தடவை யோசித்துவிட்டேன். டாக்டர் என்று சொன்னால் விஷயம் பெரிதாகிவிடும், ஜெபம் என்று சொன்னால் சின்னதாகவே இருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ. வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து எழுதினேன்: சகோதரி ரூபி, சரீர பலவீனம். இரண்டு வாரம் ஐக்கியம் முழுவதும் உபவாசம் இருந்தோம். மூன்றாவது வாரம் அவரே சிரித்துக்கொண்டு வந்து, நின்றுவிட்டது என்றார்.

நான் அங்கேயே சிவப்புப் பேனாவைத் திறந்தேன். அதோடு விட்டிருக்கலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்லிவிடுங்கள் என்று அவரை நச்சரித்தேன். அந்த மாதம் எங்கள் ஐக்கியத்திலிருந்து சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை என்பதும் ஒரு காரணம், அதையும் மறைக்கப்போவதில்லை. ரூபி அக்கா தயங்கினார். "இன்னும் ரெண்டு மாசம் பாத்துட்டு சொல்றனே தங்கச்சி" என்றார். அதற்கு நான் சொன்ன பதில் இது: "அப்படிப் பொறுத்துப் பாத்தா விசுவாசம் இல்லாத மாதிரி ஆயிடும்க்கா." ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றார், தன் சரீர பலவீனத்தை ஆண்டவர் முற்றிலும் நீக்கினார் என்று சொன்னார். சபை அல்லேலூயா சொன்னது. நீயும் பாடகர் குழு வரிசையில் அவர் தைத்த அங்கியோடு நின்றிருந்தாய்.

அடுத்த பத்தே நாளில் ரத்தம் திரும்பி வந்திருக்கிறது. ஏழு மாதம் அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஒருநாள் மெஷின்மேலேயே மயங்கிச் சரிந்து, கீழ் வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஓடினேன். முகம் காகிதமாக வெளுத்திருந்தது. கர்ப்பப்பையில் புற்றுநோய், முற்றிவிட்டது என்றார்கள். "ஏன்க்கா சொல்லல, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்று அழுதேன். அவர் என்னைச் சமாதானம் செய்கிற குரலில் சொன்னார்: "சபைக்கு முன்னால சொல்லிட்டனே தங்கச்சி. திரும்ப வந்துடுச்சின்னா ஆண்டவர் பேரைக் கெடுத்த மாதிரி ஆவாதா?" முதலிலேயே கூட்டி வந்திருந்தால் என்று அங்கிருந்த டாக்டர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தை இத்தனை வருஷமாக நான்தான் முடித்துக்கொண்டிருக்கிறேன்.

இதில் என்னால் தாங்க முடியாதது எது தெரியுமா? எனக்கு ஒரு கஷ்டம் வந்தபோது இதே ரூபி அக்கா என்னை அப்படி விடவில்லை. நீ பிறந்த பிறகு மூன்று மாதம் நான் சும்மா சும்மா அழுதுகொண்டிருந்தேன். உன்னைத் தூக்கவே பிடிக்காது. பால் கொடுக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இதை உன்னிடம் சொல்வேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. வந்தவர்கள் எல்லாம் பயத்தின் ஆவி என்றார்கள், துதித்துக்கொண்டே இரு என்றார்கள், இப்படி ஒரு தங்கமான பிள்ளையைக் கொடுத்த ஆண்டவருக்கு நன்றி சொல்லாமல் அழலாமா என்றார்கள். நான் துதித்துக்கொண்டே அழுதேன். ரூபி அக்கா மட்டும்தான் என்னைப் பார்த்ததும், "இன்னாமே, கண்ணெல்லாம் இப்டி உள்ள போய்க்கினு கீது? தூங்கி எத்தினி நாளாச்சு? புள்ளைய இங்க குடு. ஜெபத்தை நான் பண்ணிக்கிறேன், நீ போய்ப் படு" என்றார். தினமும் மத்தியானம் மெஷினை மூடிவிட்டு வந்து இரண்டு மணி நேரம் உன்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டாவது வாரம் என்னை டாக்டரிடமும் கூட்டிப்போனார். ஜெபித்தால் போதாதா என்று நான் கேட்டதற்கு, "டாக்டரையும் அவருதான்மே படைச்சாரு, வேலை இல்லாமயா படைச்சாரு?" என்று ஒரு அதட்டல் போட்டார். நான் மனுஷியாக எழுந்து நடமாடியது அவரால்தான். அவருக்கு அதே பயம் வந்து என்னிடம் வந்தபோது, நான் ஒரு பேனாவை எடுத்தேன்.

இவ்வளவு பட்டும் புத்தி வந்ததா என்றால் இல்லை. எனக்கு ரத்தம் பட்ட முதல் நாள், ரூபி அக்கா ஞாபகம்தான் முதலில் வந்தது. அது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஐந்து வாரம் மறைத்தேன். மகன் கல்யாணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பாவிடமும் மூச்சு விடவில்லை. பத்திரிகை கொடுக்கத் தெருத்தெருவாக ஏறி இறங்கினேன். நோட்டில்கூட எழுதவில்லை. மற்றவர்களுக்கு ஒரு பொய் வார்த்தையாவது எழுதினேன், எனக்கு அதுவும் இல்லை.

வெளியே வந்தது ஷீபாவால். இரண்டு வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் தி. நகருக்குக் கல்யாணப் புடவை எடுக்கப் போனோம். அவள் அம்மாவுக்கு அன்று வரமுடியவில்லை. மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் இருந்த கூட்டத்தில் நசுங்கி ஒருவழியாகக் கடைக்குள் போய், வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் உட்கார்ந்தோம். சர்ச்சுக்கென்றே வந்த கலர் என்று சொல்லி, கடைக்காரத் தம்பி சந்தன வெள்ளையில் ஒன்று, பால் வெள்ளையில் ஒன்று என்று மடிமேல் விரித்துப் போட்டுக்கொண்டே இருந்தார். அப்போதுதான் ஈரமாக உணர்ந்தேன். கீழே வெள்ளை, மடியில் வெள்ளை, நடுவில் நான். அசையவில்லை. ஷீபா ஒரு புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஆன்ட்டி, வாங்க, கண்ணாடில பாத்துச் சொல்லுங்க" என்றாள். எனக்கு முட்டி வலிக்குதும்மா, நீயே பாரு என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். புடவையை அந்தத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன ஆன்ட்டி ஆச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா, கொஞ்சம் பலவீனம்."

"பலவீனம்னா என்ன ஆன்ட்டி? தலை சுத்துதா, எங்கயாவது வலிக்குதா, இல்ல ப்ளீடிங்கா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் அந்த வார்த்தையோடு நிற்காமல் மேலே கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் துப்பட்டாவை எடுத்து, எல்லாரும் பார்க்க அவ்வளவு சாதாரணமாக என் இடுப்பில் சுற்றிக் கட்டினாள். விரிப்பில் ஒரு கறை இருந்தது. வேலை செய்கிற பெண்ணைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். அந்தப் பெண், "பரவால்லம்மா, நாங்க மாத்திக்கிறோம், நீங்க பாத்துப் போங்க" என்று விரிப்பைச் சுருட்டினாள். நான் இதற்காகவா ஐந்து வாரம் செத்துக்கொண்டிருந்தேன் என்று இருந்தது.

ஆட்டோவில் வரும்போது ஷீபா விரல்விட்டு வாரத்தை எண்ணினாள். எண்ணி முடித்ததும் முகம் சிவந்துவிட்டது. "நிச்சயத்துல இருந்தா? எங்க கல்யாணத்துக்காகவா ஆன்ட்டி இதை மறைச்சு வச்சிருக்கீங்க? இவ்ளோ பெரிய பாரத்தை என் தலைல வைக்காதீங்க. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நான் கல்யாண ஆல்பத்தைத் தொறக்கவே முடியாது" என்று சத்தம் போட்டாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது, உடனே அழுகையும் வந்தது. உனக்கு நல்ல பெண் கிடைத்திருக்கிறாள்டா. வாய் கொஞ்சம் நீளம், உன்பாடு திண்டாட்டம்தான்.

திங்கட்கிழமை தரமணி ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்து, என்னை அடையாறில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனாள். பேஷண்ட்டுக்கு நீங்கள் யார் என்று நர்ஸ் கேட்டதற்கு, "மருமக" என்றாள், கல்யாணம் நடந்து பத்து வருஷம் ஆனவள் மாதிரி. டாக்டர் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, "அஞ்சு வாரமா ஏன்மா வரல?" என்றார். கல்யாண வேலை என்றேன். "கல்யாணம் உங்களுக்கா?" என்று கேட்டார். அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. மாதவிடாய் நின்ற பிறகு ஒரே ஒரு சொட்டு பட்டாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்க்கவேண்டும், தானாக நின்றுவிட்டாலும் பார்க்கவேண்டும் என்று சொன்னார். தானாக நின்றுவிட்டாலும் என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. பாளையங்கோட்டையில் உன் சித்திக்குப் போன் செய்து அடையாறுக்குப் போய்வந்தேன் என்றதும், அவள் என்ன ஏது என்று கேட்காமலே ஓவென்று அழ ஆரம்பித்தாள். ஊர்ப்பக்கம் அடையாறு என்றாலே அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான், கேன்சர் ஆஸ்பத்திரி. கடைக்கும் பேங்க்குக்கும் அடையாறுக்குப் போகிற நமக்கு அது தெரிவதில்லை.

உன் அப்பாவிடம் சொன்னேன். முப்பத்தொரு வருஷத்தில் இந்த விஷயமாக அவரும் நானும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாதத்தில் மூன்று நாள் நான் சுள்ளென்று விழுவேன், அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான் எங்கள் பேச்சு. நான் சொல்லி முடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரை மணி கழித்து மந்தைவெளி மார்க்கெட் பக்கத்து மெடிக்கலிலிருந்து இரண்டு பெரிய நாப்கின் பாக்கெட்டோடு வந்தார். கறுப்புக் கவர் இல்லை, பேப்பர் சுற்றவில்லை, கையில் அப்படியே தூக்கிக்கொண்டு தெரு வழியாக வந்திருக்கிறார். "எது வேணும்னு தெரியல, ரெண்டு விதத்துலயும் வாங்கிட்டேன்" என்று மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். நான் முப்பத்தொரு வருஷம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் முப்பத்தொரு வருஷமும் வாங்கி வந்திருப்பார் போலிருக்கிறது.

அதனால் உனக்குச் சொல்கிறேன். ஷீபாவுக்கு உடம்புக்கு ஒன்று என்றால், அம்மாவிடம் கேள் என்று தள்ளிவிடாதே. நீ கேள். அவள் ஒன்றுமில்லை என்று சொன்னால், எந்த ஒன்றுமில்லை என்று இன்னொரு தடவை கேள். லேடி டாக்டர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார ஆண்பிள்ளைக்குக் கூச்சமாக இருக்கும், உட்கார். கல்யாணமான மூன்றாவது மாதமே சபையில் ஏதாவது விசேஷம் உண்டா என்று அவள் வயிற்றைப் பார்த்துக் கேட்பார்கள். அவள் தலைகுனியும்படி விடாமல் நீ பதில் சொல்லிக்கொள். குழந்தை பிறந்து அவள் காரணமில்லாமல் அழுதால், துதி பண்ணு என்று சொல்லாதே. பிள்ளையை வாங்கிக்கொண்டு அவளைத் தூங்க அனுப்பு, அழுகை நிற்காவிட்டால் டாக்டரிடம் கூட்டிப்போ. ஜெபத்தை நீ செய். ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இந்த இரண்டு வாரத்தில் நான் செய்த ஜெபம் ஆயுசு முழுக்கச் செய்ததைவிட அதிகம். ஆனால் நான் ஒளித்துவைத்ததை எல்லாம் ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று அவரை எனக்குத் துணையாக இழுத்தேன் பார், அது தப்பு. நம்மைப் படைத்தவருக்கு நம் உடம்பைப் பார்த்துக் கூச்சம் இருக்குமா? கூச்சம் எல்லாம் நம்முடையது. பைபிளில் பன்னிரண்டு வருஷம் ரத்தம் போய்க்கொண்டிருந்த அந்தப் பெண்ணை, கூட்டத்துக்கு நடுவில் வாய்திறந்து சொல்லவைத்துத்தானே அவர் அனுப்பினார். அதைப் பற்றி ஐக்கியத்தில் எத்தனை தடவை செய்தி கொடுத்திருப்பேன். கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து, சரீர பலவீனம் என்று எழுதுவேன்.

நேற்று ஐக்கியக் கூட்டம். நான் போகவேண்டாம் என்றுதான் நினைத்தேன். போனேன். விண்ணப்பங்களைப் படிக்கிற நேரம் வந்ததும் நோட்டைத் திறந்து, வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்த முதல் வரியைப் படித்தேன். என் பெயரைப் படித்தேன். மாதவிடாய் நின்ற பிறகு கர்ப்பப்பையில் ரத்தப்போக்கு, புற்றுநோயா என்று பரிசோதனை நடக்கிறது, வியாழக்கிழமை முடிவு என்று படித்தேன். பிறகு ரூபி அக்காவுக்கு நான் செய்ததையும் சொன்னேன். எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். பின்வரிசையில் இருந்த பாக்கியம் அக்கா, உனக்குத் தெரியுமே, கூட்டத்தில் வாயே திறக்காதவர், மெல்லக் கையைத் தூக்கினார். "செக்ரட்டரியம்மா, போன மாசம் எனக்கு ஒண்ணு எழுதுனீங்கள்ல, அதைக் கொஞ்சம் மாத்தி எழுதுறீங்களா? எனக்கு மார்ல கட்டி. நாலு மாசமா இருக்கு" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு கை. பிறகு இன்னொன்று. நான் சரீர பலவீனத்தை அடித்து அடித்து எழுதினேன். கண்ணீர் விழுந்து பக்கம் நசநசவென்று ஆகிவிட்டது, என் நல்ல கையெழுத்து எல்லாம் போயிற்று. நாளைக் காலை பாக்கியம் அக்காவை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். இந்தப் பட்டியலை அடுத்த ஞாயிறு பீடத்தில் எப்படிப் படிப்பது என்று போதகர் தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறார். அவரவர் சம்மதித்தால் அப்படியே படியுங்கள் என்று சொல்லியிருக்கிறேன், எனக்குச் சம்மதம்.

இவ்வளவு செய்துவிட்டதால் அம்மாவுக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதே. வீட்டுக்கு வந்ததும் பயம் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. உன் பிள்ளையைப் பார்ப்பேனா என்று பயம். கல்யாணத்தன்று உட்கார முடியுமா என்று பயம். முடிவு மோசமாக வந்தால் இவளுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று சொல்வார்களோ என்றும் பயம், அதை முதலில் சொன்னவளே நான்தானே. முடிவு நல்லதாக வந்தால் உடனே எழுந்து சாட்சி சொல்லுங்கள் என்று யாராவது வருவார்கள். வந்தால் நீ தடுத்துவிடு. என் பெயருக்கு எதிரே அந்தக் கடைசிக் கட்டம் காலியாகவே இருக்கட்டும். டாக்டர் திரும்பிப் பார்த்து, மறுபடியும் பார்த்து, போதும் என்று சொல்கிறவரை நான் சிவப்புப் பேனாவைத் தொடமாட்டேன்.

கல்யாணத்தைத் தள்ளிப்போடுவதா என்று ஷீபாவோடு நீயே பேசிக்கொள். நான் அதில் வாய் வைக்கப்போவதில்லை. அவள் எல்லாம் தெரிந்தும் இந்த இரண்டு வாரம் உன்னிடம் சொல்லாமல் இருந்தாள் என்று அவளைக் கோபிக்காதே. "நான் சொல்லமாட்டேன் ஆன்ட்டி, அது நீங்க சொல்லவேண்டியது. ஆனா அவன் கேட்டா பொய்யும் சொல்லமாட்டேன்" என்று அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள். நீ தினமும் அவளிடம் அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டிருந்தால் உனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இந்தக் கடிதத்தை நாளை காலை கூரியரில் போடுகிறேன். செவ்வாய்க்கிழமை உனக்கு பெங்களூரில் கிடைத்துவிடும். நீ கீழே விழுந்து கை ஒடித்துக்கொண்டபோதும் சரி, எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோதும் சரி, யாரும் வரவேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியே உன்னை வளர்த்தேன். நீயும் அதை நம்பிவிட்டாய், உன்மேல் தப்பில்லை. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீ போன் செய்தால், பழக்க தோஷத்தில் நான் மறுபடியும் அதையே சொல்லுவேன். ஒன்றுமில்லடா, அப்பா இருக்கார், ஷீபா இருக்கா, நீ வேலையைக் கெடுத்துக்கொண்டு வராதே என்பேன். அதை நம்பாதே.

வியாழக்கிழமை காலை பத்து மணி. என்னால் தனியாக அந்த அறைக்குள் போகமுடியாது ஜோயல். புதன்கிழமை ரயில் ஏறி வா.

அம்மா